மண்ணுக்குப் போகாத வயர்

செவ்வாய், இரவு.

குளிக்கும்போது பாப்பா, "அம்மா, குழாய் கடிக்குது" என்று அழுதாள். மெயினை அணைத்துவிட்டு கீசர் பிளக் பாயின்ட்டைக் கழற்றினேன். எர்த் வயரை வெட்டி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லை.

வயரிங் மாமனார் செய்தது. பல்லடத்தில் பாதித் தறிக்கொட்டகை அவர் கைவேலைதான். சொன்னதும் சிரித்தார். "இத்தன வருசமா நாங்க குளிக்கலீங்களா அம்மணி? செருப்பப் போட்டுட்டுக் குளிச்சாப் போச்சு."

வீட்டுக்காரரோ, "அப்பா மனசு நோகும், உட்டுரு" என்கிறார். வேறு ஆளைக் கூப்பிட்டால் அவருக்கு அவமானமாம். நான் தொட்டால் அதைவிட அவமானமாம்.

கீசர் ஃபியூஸைப் பிடுங்கி என் சேலைக்குள் ஒளித்துவிட்டேன். காலையில் மாமனார் வெந்நீருக்குக் கத்துவார். அடுப்பில் வைத்துக் கொடுப்பேன். ஃபியூஸ் எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டேன்.