எதிர்மேட்டுக் குரல்

மார்ச் 23, 2003. சம்சமால்

பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. ஊரில் பாதிப் பேர் பாய் படுக்கையோடு மலைப்பக்கம் போய்விட்டார்கள். என் மனைவி ஷிலேரையும் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆங்கில வாத்தியார் என்பதால், வந்திறங்கியிருக்கும் அமெரிக்கச் சிறப்புப் படைக்காரர்களுக்கு மொழிபெயர்க்க என்னைப் போட்டிருக்கிறார்கள். தாடியும் கழுத்தில் கட்டம்போட்ட துண்டுமாய், தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஆட்கள்தான். தலைவன் பெயர் டோபின். டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிறான். அவனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று நம் குர்துப் படையான பெஷ்மர்காவின் பையன்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

எதிர்மேட்டில் இராக் ராணுவத்தின் பதுங்குகுழிகள். அதைத் தாண்டிப் போனால் கிர்குக். குர்துக்காரன் என்று சொல்லி என்னை விரட்டியடித்த ஊர்.

மார்ச் 24

எங்கள் வயர்லெஸ்ஸும் அவர்களுடையதும் ஒரே காலத்துப் பெட்டிகள், ஒரே அலைவரிசை. திடீரென்று அரபியில் ஒரு குரல் கேட்டது.

"மலை ஆட்டுக்காரங்களா, டீ குடிச்சாச்சா?"

"ஆச்சு. உனக்கு?"

"சர்க்கரை தீந்துபோச்சு. அமெரிக்காக்காரன்கிட்ட இருந்தா வீசச் சொல்லு. குண்டோட சேத்து வேணாம்."

சிரித்துவிட்டேன். கேப்டனாம், பெயர் ஃபாயிஸ். தெற்கே அமாராவில் ஆற்றங்கரை ஊர். நான் வாத்தியார் என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த ஹவ்காருக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்சுறீங்களா வாத்தியாரே?" என்றான். எண்பத்தெட்டில் அவன் அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் இராக் ராணுவம் லாரியில் ஏற்றிப் போனது. யாரும் திரும்பவில்லை. அப்போது இவன் சின்னப் பிள்ளை.

மார்ச் 25

நாளை விமானம் வரும், அந்த மேடு மிஞ்சாது என்றான் டோபின்.

"அவங்கள வெளிய வரச் சொல்லிப் பாக்கட்டுமா?"

யோசித்தான். "வந்தா நல்லதுதான். ஆனா விமானத்தப் பத்தி வாயத் திறக்காத."

சாயங்காலம் ஃபாயிஸைக் கூப்பிட்டேன். "பசங்கள ஓடை வழியா அனுப்பு. யாரும் சுட மாட்டாங்க, நான் பொறுப்பு."

"எங்களுக்குப் பின்னாடி ஆளுங்கட்சிக்காரன் துப்பாக்கியோட உக்காந்திருக்கான். ஓடுறவன முதுகுல சுடுவான்."

"மூடுபனி இருக்கறப்போ?"

"அடிக்கடி போன் பண்ணுவான். யாரும் எடுக்கலன்னா வந்து பாப்பான்." கொஞ்சம் நிறுத்தி, "சரி. போனை நானே எடுத்துக்கறேன்."

நீயும் வா என்று ஏன் சொல்லத் தோன்றவில்லை எனக்கு? சொல்லியிருந்தால் வந்திருப்பானா?

மார்ச் 26

வந்தார்கள். பனிக்குள்ளிருந்து முதலில் கைகள்தான் தெரிந்தன. சிலர் வெறுங்கால். ஹவ்கார் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை, சுடவும் இல்லை. ரொட்டியைக் கையில் கொடுத்தால், தின்னாமல் அழுகிறார்கள்.

"எதுக்கு அழறானுங்க?" என்று கேட்டான் ஹவ்கார்.

"இவங்க தப்பிக்கணும்னு கேப்டன் அங்கேயே நின்னுட்டானாம். போன் எடுக்கறதுக்கு."

அவன் எதிர்மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

டோபினிடம் ஓடினேன். "மேட்டுல இன்னும் ஒருத்தன் இருக்கான்." அவன் தன் பெட்டியில் யார் யாரிடமோ கத்திப் பார்த்தான். "என் கையில இல்ல ஆசோ. அங்க பீரங்கியும் இருக்கு."

அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தினேன். "ஃபாயிஸ், விமானம் வருது, இப்பவே ஓடு! விட்டுட்டு ஓடுய்யா!"

"இரு வாத்தியாரே, போன் அடிக்குது" என்றான்.

அவ்வளவுதான் கேட்டது.

தன் சொல்லை மீறியதற்கு டோபின் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 27

ராணுவம் மேட்டை விட்டுப் பின்வாங்கிவிட்டது. ஏறிப்போய்ப் பார்த்தேன். குழி மண் மூடிக் கிடந்தது. அறுந்த ஒயர். உடல் இல்லை. இல்லை என்பதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஏப்ரல் 10. கிர்குக்

ஊர் விழுந்தது. நாங்கள் சண்டைக்குத் தயாராக வந்தோம், சண்டையே இல்லை. சாலையெங்கும் கழற்றிப் போட்ட சீருடைகளும் பூட்ஸுகளும். ஜனங்கள் கார்களின் மேல் ஏறி ஆடுகிறார்கள். யாரோ ஒரு கிழவர் டோபினைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நானும் ஆடினேன். என் தெருப் பக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 11

கொள்ளை ஆரம்பித்துவிட்டது. நாற்காலி, குளிர்பெட்டி, கதவு — கைக்குக் கிடைத்ததெல்லாம் போகிறது. ஆஸ்பத்திரிக்குக் காவல் போட டோபின் என்னைக் கூட்டிப்போனான். அவன் டாக்டர்களைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போக, நான் கீழ் வார்டில் நின்றேன்.

"யாராவது கொஞ்சம் தண்ணி தர்றீங்களா? டீ கிடைக்காதுன்னு தெரியும்."

அந்தக் குரல்.

நினைத்ததைவிடச் சின்ன ஆள். பெரிய காது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பின்வாங்கிய லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்களாம். "வாத்தியார்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

அதற்குள் ஹவ்கார் ஆட்களோடு வார்டுக்குள் வந்தான். ராணுவ அதிகாரிகளைத் தேடுகிறார்கள். கட்டில் கட்டிலாகப் பார்த்து எங்களிடம் வந்தான்.

"இது யாரு?"

"எங்க அத்தை பையன். கரீம்."

"அவன் சொல்லட்டும்."

"குண்டு வெடிச்ச அதிர்ச்சியில பேச்சு நின்னுபோச்சு."

பார்த்தான். என்னைத்தான் அதிகம் பார்த்தான். பிறகு அடுத்த வார்டுக்குப் போய்விட்டான்.

அப்பனைப் பறிகொடுத்தவனிடம் பொய் சொன்னேன். உயிரே போனாலும் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

ஏப்ரல் 14

நம் படை ஊரை விட்டு வெளியேறவேண்டுமாம். அமெரிக்கர்களோடு பேசிய பேச்சு அப்படி. பையன்களுக்குக் கோபம். ஹவ்கார் கூட்டத்தைத் தெற்குச் சாலைச் சோதனைச் சாவடியில் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 21

பாக்தாதுக்கு வேன்கள் ஓடுகின்றன. ஃபாயிஸுக்கு என் தொளதொள குர்துக் கால்சட்டையைப் போட்டுவிட்டு, பெயரும் ஊரும் குர்து மொழியில் சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். சாவடி வரை நானும் கூடப் போனேன்.

ஹவ்கார் வேனுக்குள் தலையை நீட்டினான். "பேச்சு வந்துருச்சா உங்க அத்தை பையனுக்கு? பேரென்னப்பா?"

"கரீம்."

"எந்த ஊரு?"

"சம்சமால்."

ஹவ்கார் என் பக்கம் திரும்பினான். "சம்சமால்காரன் இப்படியா பேசுவான் வாத்தியாரே? தெக்கத்தி ஆத்தங்கரைக்காரன் மாதிரி இழுக்கறான்."

ஃபாயிஸ் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஹவ்கார் அவன் மடித்துக் குத்தியிருந்த கால்சட்டை நுனியைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு டிரைவரின் பக்கம் போய்க் கதவைத் தட்டினான்.

"ரோடெல்லாம் குழி. மெதுவா ஓட்டு, அவருக்குக் கால் வலிக்கும்."

தடுப்புக் கட்டையை அவனே தூக்கினான்.