வேடியப்பன் காலடியில் இருப்பது

நேற்று சாயங்காலம் மகள் கம்பெனி விட்டு வரும்போது பாகலூர் ரோட்டில் மாம்பழம் வாங்கி வந்தாள். பை முழுக்க ஒரே மஞ்சள். ஒரு பழத்தில் பச்சை இல்லை, ஒரு கரும்புள்ளி இல்லை. ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் மூக்கில் வைத்தேன். வாசனையே இல்லை. "கல்லு வெச்சுப் பழுக்க வெச்சிருக்கறாங்க, தொடாத" என்றேன். அப்பா மாதிரியே பேசுகிறாய் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று திருவிழா முடிந்ததிலிருந்து நெஞ்சில் கிடக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள், கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கம்பெனியில் உங்களுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கப் பார்த்ததையே திருப்பிப் பார்த்து, வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. "சீல் குத்திட்டா சரக்கு சரியாயிடுமா? நீயும் ஒருவாட்டி பாரு" என்பீர்கள். பால்காரரிடமும் அதே பேச்சு, பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதே பேச்சு.

வார லீவில் ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டியை ஓசூர் கடைகளுக்குக் கூட்டிப் போனார்கள். நீங்கள் என்னைக் கோட்டைக்கும் நடுகல்லுக்கும் கூட்டிப் போனீர்கள். வெயில் காலம் வந்தால் எந்த ஊரில் திருவிழா, எந்த ஊரில் ஜாத்திரை என்று கேட்டு வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பீர்கள். ஒரு வருஷம் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போனோம். உள்ளே அடுக்கியிருந்த பழத்தை எல்லாரும் படம் பிடித்தார்கள். நீங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தீர்கள். காவலுக்கு நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ராயக்கோட்டை மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள் ஒரு பொந்தைக் காட்டி, இது மைசூர் வரைக்கும் போகிற சுரங்கம் என்றாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் விடவில்லை.

"நீ போய்ப் பாத்தியா?"

"போனவங்க யாரும் திரும்பி வர்லீங்க."

"அப்பறம் மைசூருக்குப் போவுதுன்னு யாரு வந்து சொன்னது?"

அந்த ஆள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். படி இறங்கும் வரைக்கும் நான் சிரித்தேன்.

இப்படி எதையும் நம்பாத நீங்கள் நம்பின ஒரே கல் நம் ஏரிக்கரை வேடியப்பன். எந்தச் சண்டையிலோ செத்த ஒருவனுக்கு ஊர் நட்ட கல். கையில் கத்தியோடு அவன், பக்கத்தில் அவன் பெண்டாட்டி. திருவிழாவுக்கு முதல் நாள் அந்தக் கல்லைக் கழுவி விளக்கெண்ணெய் பூசுவது நம் வீட்டு முறை. நீங்கள் முன்பக்கம் தேய்ப்பீர்கள். நான் பின்பக்கம். பின்னால் உளி படாத இடத்தில் ஒரு குழி உண்டு. கரைச் சரிவில் வழுக்காமல் இருக்க அதில் விரலை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

அவன் காலடியில் ஒரு சின்ன உருவம். தேய்ந்து போய் நாலு காலும் ஒரு வாலும்தான் மிச்சம். அது நாய் என்பீர்கள், எஜமான் கூடவே செத்த நாய். நான் கன்றுக்குட்டி என்பேன். மாட்டை மீட்கப் போய்ச் செத்திருப்பான், அதனால்தான் கன்று. கல்யாணமாகி வந்த வருஷம் ஆரம்பித்த சண்டை அது. "நாய் வாலு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" "கன்னுக்கு வாலே இல்லையா?" எண்ணெய்க் கையோடு இதைப் பேசிக்கொண்டேதான் வீட்டுக்கு வருவோம்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஏரிக்கரைப் பக்கம் வீட்டு மனைக்கு சைட் போடுகிறவர்கள் ரோட்டை அகலப்படுத்தினார்கள். கல்லை நகர்த்தப் போகிறார்களாம் என்று யாரோ வந்து சொன்னார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே, "கல்லு மாறினா உனக்குத்தான் தெரியும், பாத்துக்க" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் ஏரிக்கரைக்குப் போனபோது கல் அங்கே இல்லை. மேட்டில் புதுசாக ஒரு சிமெண்ட் கோயில். உள்ளே தலை முதல் கால் வரை பித்தளைக் கவசம் போட்டு ஒரு சாமி. கிட்டே போய் நின்று பார்த்தேன். இந்தச் சாமி அவன் உயரம் இல்லை, அதைவிட உயரம். பழைய கல்லை உடைத்து ரோட்டுக்குப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ புதுசு வாங்கி நிறுத்திக் கவசத்தால் மூடிவிட்டார்கள் என்று நினைத்தேன். கால்வாய் ஓரம் கொட்டியிருந்த உடைகல்லை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பாவம் என்று பார்த்தார்கள்.

கோயில் கமிட்டியில் உங்கள் பங்காளி மாதையன்தான் எல்லாம். போன வருஷம் திருவிழாவுக்குக் கழுவப் போனேன். சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பட்டும் அண்ணி என்றான். முறைதான், ஒத்துக்கொண்டேன். ஆனால் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வருஷம் போனேன். கவசத்தைக் கழற்றினால் தோஷம் என்றான். பித்தளை வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் தோஷம் எங்கிருந்து வந்தது?

"அண்ணி, நம்ம சாமி ராசாவாட்டம் நிக்கறாரு. எதுக்குத் தோண்டித் தோண்டிக் கேக்கறீங்க?"

"ராசாவா இருந்தா மூஞ்சக் காட்டட்டுமே, தம்பி."

அவன் பந்தல்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டான். ஒரு தடவை கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கல் போயிருந்தால், நீங்களும் நானும் கை வைத்த இடம் ஊரில் வேறெங்கேயும் இல்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

திருவிழா அன்றைக்கு ஓசூரிலிருந்து ஒரு கூட்டம் வேனில் வந்தது. பழைய கல், கோட்டை எல்லாம் பார்த்துப் படம் பிடிக்கிறவர்கள். ஒரு டீச்சரம்மா கூட்டி வந்திருந்தார். 'பழமை வாய்ந்த நடுகல் திருக்கோயில்' என்று மாதையன்தான் ரோட்டில் பெரிசாக பிளெக்ஸ் கட்டியிருந்தான். அதைப் பார்த்து வந்தவர்கள். கவசத்தைப் பார்த்ததும் அந்தம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. கல்லைப் பார்க்க முடியாதா என்று கேட்டார். நான் பொங்கல் அடுப்பை விட்டு எழுந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "கழட்டிக் காட்டு தம்பி, போர்டுல எழுதினது நீதான்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவனுக்கு வேறு வழியில்லை. பூசாரியிடம் கண்ணைக் காட்டினான்.

கவசம் இறங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய மீசை வைத்து, ரோஸ் கன்னத்தோடு ஒருவன் நின்றான். பக்கத்தில் நீலப் புடவை கட்டினவள். காலுக்குக் கீழே பிடரி மயிரோடு ஒரு சிங்கம். புதுக் கல்தான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாதையன் என் பக்கத்தில் குனிந்தான். "மூக்கெல்லாம் தேஞ்சு போயிருந்துச்சு அண்ணி. அடியில பீடம் கட்டி நிறுத்தினோம். ஆள வெச்சு சிமெண்ட்ல எடுப்பாக் கட்டி பெயிண்ட் அடிச்சோம். சிங்கம் அந்த ஆளு தானாப் போட்டது. நீங்க பாத்தா மனசு ஒடிஞ்சுருவீங்கன்னுதான் மூடி வெச்சேன். அண்ணன் இருந்திருந்தா என்ன அடிச்சிருப்பாரு."

நான் நம்பவில்லை. நீங்கள் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள். எழுந்து உள்ளே போய், சுவருக்கும் கல்லுக்கும் இடையில் கையை விட்டுத் துழாவினேன். பின்பக்கத்துக்கு அவர்கள் பெயிண்ட் செலவழிக்கவில்லை. குழி இருந்தது. என் விரல் அதில் தானாகப் போய் உட்கார்ந்தது. உள்ளே பழைய எண்ணெய் பிசினாகக் கட்டியிருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய். நாம் பூசினது.

அழுகிறேன் என்று நினைத்து அந்த டீச்சரம்மா என் தோளைத் தொட்டார். பிறகு மெதுவாக, காலடியில் சிங்கம் எதற்கு, முன்னால் என்ன இருந்தது என்று கேட்டார். மாதையனுக்குத் தெரியவில்லை. பூசாரிக்கும் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிமெண்டுக்குள் போய்விட்டது, இனி நான் சொல்வதுதான் அது.

"நாய்ங்க" என்றேன். "எங்க வீட்டுக்காரரு பாத்துச் சொன்னது."

அடுத்த வருஷம் நீங்களே வந்து கழுவுங்கள் என்று மாதையன் சொல்லியிருக்கிறான். ரொம்பத் தன்மையாகப் பேசுகிறான். இதில் என்ன இருக்கிறதோ, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விளக்கெண்ணெயும் வாங்கி வைத்துவிட்டேன்.

ஊருக்கு அது நாயாகவே இருக்கட்டும். ஆனால் உங்களிடம் சொல்கிறேன், அது கன்றுக்குட்டிதான்.