ஆள் வந்தால் அகலம்

ஆகஸ்ட் 12, ஞாயிறு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் தூக்கம் வருமா பார்க்கிறேன்.

அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த அகல டிவியில் மத்தியானம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. அமுக்கி வைத்ததுபோல் எல்லாரும் குள்ளமாக, குண்டாக இருந்தார்கள். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றினேன். ஆட்கள் சரியானார்கள். ஆனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்துவிட்டது.

"என்னத்த அமுக்குன? பாதி டிவியக் காணோம்" என்றார் அத்தா. பழைய படத்தின் அளவே அதுதான் என்றேன். "ஒன்பதாவதே முடிக்கல, டிவிக்கு டாக்டரா? நாளைக்குப் பாபநாசம் கடையில குடுத்துப் பிரிச்சுப் பாக்கச் சொல்றேன்."

நல்ல டிவியைப் பிரித்துக் கெடுத்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் எனக்கு வாய் வந்தது. படத்தைப் பழையபடி அகலமாக்கி, "அந்த மாட்டு வண்டிச் சக்கரத்தப் பாருங்க அத்தா. அது உருளுமா?" என்று கேட்டேன். சக்கரம் படுத்த முட்டையாக இருந்தது. அத்தா வெகுநேரம் பார்த்தார்.

"சரி, நீ சொன்னபடியே வை. ஆனா ஆள் வந்தா முழுசா வச்சிரு. கறுப்பப் பாத்தா, கெட்டுப்போன டிவியத் தூக்கிட்டு வந்துட்டான்னு பேசுவாங்க."

சாயங்காலம் மாமி வந்தார். அகலமாக்கினேன். "துபாய் டிவியில எல்லாரும் நல்லா சதை போட்டுத் தெரியறாங்க. எங்க டிவியில பட்டினி கிடந்த மாதிரில்ல இருக்காங்க" என்று ஏங்கினார். அத்தாவுக்கு ஒரே பெருமை.

ரிமோட் இப்போது என் பொறுப்பு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கதாநாயகி குண்டாகிறாள், போனால் இளைக்கிறாள். இன்று மட்டும் நான்கு தடவை.