சதுக்கத்தில் நிற்கும் கடைவாய்ப்பல்

என் கண்ணு இலேனியாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீ அங்கே கோபன்ஹேகனில் ஜூலையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கல் செதுக்குகிறாயாமே, நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். கொல்லை அத்திமரம் இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தக்காளி இன்னும் சிவக்கவில்லை, பெயின்ட் கடையில் வியாபாரம் மந்தம். இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை. நேற்று மேயர் கடைக்கு வந்தார். திருவிழா முடிந்ததும் லாரி அனுப்பி உன் சிலையைச் சதுக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி நீ போன் செய்தாயாம். ஏன் என்று அவர் கேட்டதற்கு, எங்க அப்பா தினமும் சதுக்கத்துக் காபிக் கடையில போய் உட்கார்றவர், என் கல்லை வெச்சு ஊரே அவரைக் கேலி பண்ணுது, வயசான காலத்துல அவர் தலைகுனிஞ்சு நடக்கக் கூடாது என்று சொன்னாயாம். மேயர் என் தோளைத் தட்டி, நல்ல பொண்ணைப் பெத்திருக்கீங்க கதால்தோ என்றார். கையில் டப்பா மூடியோடு நின்றேன்.

கண்ணு, உன் சிலைக்குக் கடைவாய்ப்பல் என்ற பெயரை வைத்தது நான்தான். போன மாதம் நீ அழுதுகொண்டே போன் செய்து யாருப்பா இந்தப் பேரைக் கிளப்பினது என்று கேட்டபோது, வேலைவெட்டி இல்லாத பசங்க என்று சொன்னேனே, அது பொய். ஏப்ரலில் நீ சிலையைத் திறந்துவைத்துவிட்டுக் கிளம்பிய அன்று சாயங்காலம் நுன்ஸியாவின் காபிக் கடையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தோம். கறிக்கடை சவேரியோ சிலையை ஒரு பார்வை பார்த்தான், என்னை ஒரு பார்வை பார்த்தான், பெயர்ப் பலகையில முதல் பஸ்னு போட்டிருக்கே, பஸ் எங்கடா, டயர் எங்கடா என்று ஆரம்பித்தான். அவன் கேலி செய்து நான் வாயடைத்து உட்கார வேண்டுமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. பாதிரியாரிலிருந்து மேயர் வரை இந்த ஊரில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தவன் அல்லவா நான், வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா. பல் டாக்டருக்குப் படின்னு சொன்னேன் கேட்கல, ஆனாலும் பாரு, ஒரு கடைவாய்ப்பல்லை வேரோட பிடுங்கி நிறுத்திட்டா என்று முந்திக்கொண்டேன். மேசையே குலுங்கியது. நானும் சிரித்தேன், அதுதான் இப்போது அருவருப்பாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பேக்கரியில் சர்க்கரைப் பல் விற்றார்கள், எவனோ சிலைக்கு டூத்பிரஷ் கட்டினான், பேப்பரிலும் வந்துவிட்டது. மிலானிலும் அங்கே கோபன்ஹேகனிலும் உன் சிலைகளுக்கு முன்னால் ஜனங்கள் நின்று பார்க்கிறார்களாம், பெற்றவன் நான் நின்று பார்க்கவில்லை.

மேயர் போனதும் கடையைப் பூட்டிவிட்டு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க என்று சதுக்கத்துக்கு இழுத்துப் போனாள். காபிக் கடைப் பக்கம் போகவில்லை, எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, உங்க நாற்காலியில இருந்தே பார்த்தா பல்லுதான் தெரியும், இப்பப் பாருங்க என்றாள். பார்த்தேன். கல்லில் இரண்டு பேர் நிற்கிறார்கள். கீழே தனித்தனியாக, மேலே ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்து. குருட்டு மனுஷா, அது நாமதான் என்றாள் அம்மா.

நீ சிற்பம் படிக்க முதல் பஸ்ஸில் கராரா நகரத்துக்குக் கிளம்பிய அந்தக் காலை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மிச்ச பெயின்ட் டப்பாக்களை வைத்துக் கடை ஷட்டரில் வரைந்து பழகிய பெண்ணை, சோற்றுக்கு வழியில்லாத படிப்பு என்று பஸ் வரும் வரைக்கும் திட்டினேன். பஸ் கிளம்பியதும் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். நீ கடைசி சீட்டில் திரும்பி உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டே போனாய். நான் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. அந்த மனுஷனைக் கோபக்காரனாக நீ செதுக்கியிருக்கலாம் கண்ணு, செய்யவில்லையே. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இன்று காலையில் சவேரியோவையும் மற்றவர்களையும் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து வரச் செய்து அதே இடத்தில் நிறுத்தினேன். சவேரியோ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, டேய், உன் கூன்கூட அப்படியே இருக்குடா என்றான். பிறகு, பெத்த பொண்ணு கல்லுல உன்னை வெச்சிருக்கா, நீ அவளுக்குப் பட்டப்பேர் வெச்சியா, இனிமே கடைவாய்ப்பல் நீதான் என்றான். மதியத்துக்குள் ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை, கோபித்துக்கொள், போனில் நன்றாகத் திட்டு. ஆனால் எனக்காக அந்தக் கல்லை எடுக்காதே, எனக்குக் கேலி வரட்டும், அது என் பங்கு. நீயும் உன் கைகளும் நன்றாக இருக்க வேண்டும், மாதா துணை இருப்பாள், அம்மா அத்திப்பழம் காயவைத்து அனுப்புகிறாள். மேயருக்கு மறக்காமல் போன் செய்து லாரி வேண்டாம் என்று சொல். திருவிழாவுக்கு வா. நீ வரும் பஸ்ஸுக்கு அந்தக் கல் பக்கத்தில் நிற்பேன், இந்தத் தடவை கையை ஆட்டுவேன்.

உன் அப்பா,
கதால்தோ என்கிற கடைவாய்ப்பல்