பென்சில் புள்ளி

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு மாதமாகிறது. நீங்கள் பாதியில் விட்ட இத்தாலி துப்பறியும் நாவலை இன்றுதான் எடுத்தேன். கொலைகாரர் யாரென்று பிடிபட்டதும் அந்தப் பெயருக்குக் கீழே பென்சிலால் புள்ளி வைப்பீர்களே, இதில் எந்தப் பெயருக்கும் புள்ளி இல்லை.

"அப்படி என்னதாங்க இருக்கு இந்த நாவல் வரிசையில?" என்று முன்பு கேட்டேன்.

"அந்த இன்ஸ்பெக்டர் அவசரப்படவே மாட்டாரு. கொன்னது யாருன்னு தெரிஞ்ச பிறகும் அவங்க கையாலயே காப்பி வாங்கிக் குடிப்பாரு. அதுதான் அழகு" என்றீர்கள்.

பக்க அடையாளத்துக்கு உங்கள் மருந்து வேளைகளை எழுதிவைத்த அட்டையை வைத்திருக்கிறீர்கள். 'மருந்து கொடுப்பவர்: மனைவி' என்று அதில் நான் எழுதியிருந்தேன். 'மனைவி' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பென்சில் புள்ளி. பக்கத்தில் தேதி, நீங்கள் போவதற்குப் பதினோரு நாள் முன்பு.

விழுங்கச் சிரமப்படுகிறீர்கள் என்று மாத்திரைகளைக் காப்பியில் கரைத்துத்தானே கொடுத்தேன். பதினோரு நாளும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். கடைசி நாள், "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று கோப்பையை நீட்டி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

ஏன் கேட்டீர்கள்?

ரப்பர் கையில்தான் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி