உப்புவெளிக்குப் போய்ச்சேராத படம்

போன கிழமை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். பெரிய அலுமாரியை நகர்த்தியபோது, சுவரோடு ஒட்டிக் கிடந்த வரைதாள் ஒன்று கீழே விழுந்தது. எதுவும் வரையாத வெறுந்தாள், ஓரமெல்லாம் பழுத்திருந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். பழைய வரைதாளும் ஈரச் சுவரும் கலந்த மணம். நண்பரே, நீர் என் கந்தோர் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்ற நாட்களின் மணம். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. அலுமாரியைத் திருப்பி வைக்கட்டுமா என்று ஆட்கள் கேட்டார்கள். ஓம் என்றேன்.

நான் துறைமுகக் கந்தோரில் படம் வரைகிறவன். நீர் அங்கேயே கடல்மட்டம் பார்க்கிறவர். இறங்குதுறையில் நட்டிருந்த அளவுகோலில் கடல் எதுவரை நிற்கிறது என்று நாள்தோறும் பார்த்து எழுதி அனுப்பினால் உம்முடைய வேலை முடிந்தது. உமக்கு அது போதவில்லை. முன்பு இருந்தவர்கள் எழுதிய பழைய கொப்பிகளையும் தேடி எடுத்து, ஆண்டுக்கு ஆண்டு சராசரி பார்த்தீர்.

"ஒரு நாளைப் பாத்தா ஒண்டும் விளங்காது. கன வருஷத்தைச் சேத்துப் பாரும். கடல் ஏறிக்கொண்டு வருது" என்றீர்.

அந்த நாட்களில் எங்களுக்குக் கடல் என்றால் மீன்பிடிக்கப் போக ஆமி தரும் பாஸ், நேரக் கட்டுப்பாடு, படகு இறங்காத நாட்கள். இந்தச் சண்டைக்குள் யாருக்கு வேண்டும் இந்தக் கணக்கு என்று கேட்டேன்.

"கரையில இருக்கிற சனத்துக்கு. அவைக்கு ஆர் சொல்லுறது? எனக்குக் கோடு நேரா வராது. நீர் ஒருக்காக் கீறித் தாரும்."

வரைந்து தந்தேன். ஒரு ஞாயிறு பின்னேரம் உப்புவெளி மீனவர் மண்டபத்தில் அதைக் கதிரை ஒன்றில் சாய்த்து வைத்தீர். இன்று அலை வந்து முட்டும் இடத்துக்கு ஒரு கோடு. பிள்ளைகள் பெரியவர்களாகும் காலத்தில் வரக்கூடிய இடத்துக்கு இன்னொரு கோடு. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "அப்ப பாஸ் இல்லாம வீட்டுக்குள்ளயே மீன் பிடிக்கலாம் எண்டுறியள்?"

மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விட நீர்தான் அதிகம் சிரித்தீர். பிறகு சொன்னீர்: "வீட்டுக்க வர முந்தி கிணத்துக்க வரும், அக்கா. நிலத்துக்கு அடியால வரும். முதல்ல உங்கட தேத்தண்ணியிலதான் தெரியும்."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "எங்கட கிணறு போன வருஷத்தில இருந்து கரிக்குது."

அவர்கள் பொதுக்கிணறு ஒன்று வெட்ட இருந்தார்கள். பார்த்து வைத்திருந்த இடம் உம்முடைய இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது. "ஒழுங்கையெல்லாம் தெரியிற மாதிரிப் பெரிசாக் கீறிக்கொண்டு வாங்கோ. எங்க வெட்டுறது எண்டு பாப்பம்" என்றாள்.

இரண்டு கிழமை இருந்து அதை வரைந்தேன். வீடுகள், அவற்றுக்கு இடையே ஓடும் ஒழுங்கைகள், தண்ணீர் ஏறக்கூடிய பள்ளங்கள், ஒவ்வொன்றின் உயரம். என் கையால் வந்ததில் அதுதான் திறமான படம். அதைச் சுருட்டி உம்முடைய சைக்கிள் கரியரில் கட்டினோம். நீர் முன்னால் போனீர், நான் பின்னால் வந்தேன்.

வழியில் ஆமிச் சாவடியில் மறித்தார்கள். படத்தை விரித்தார்கள். ஒருவன் மற்றவனைக் கூப்பிட்டான், அவன் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தான். யுத்த காலத்தில் கரையோரத்தை இவ்வளவு விவரமாக யார் வரைவார்கள், எதற்கு வரைவார்கள்? அது அவர்களுடைய யோசனை. கடல் ஏறுவதைப் பற்றி நீர் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தீர். ஒருவரும் கேட்கவில்லை.

"இது யார் கீறினது?"

வாயைத் திறந்தேன். திறந்தது நல்ல ஞாபகம்.

"நான்தான்" என்றீர் நீர்.

என்னைப் பார்க்கவேயில்லை. உம்மை உள்ளே கொண்டுபோனார்கள். அடையாள அட்டையைத் திருப்பித் தந்து என்னைப் போகச் சொன்னார்கள். நான் போனேன். மண்டபத்தில் காத்திருந்தவர்களிடம் உமக்குச் சுகமில்லை என்று சொன்னேன். பிறகு உம்முடைய வீட்டுக்குப் போய் உம்முடைய மனைவியிடம், "சாவடியில மறிச்சுப்போட்டாங்கள்" என்றேன். அவர் தலையை முடிந்துகொண்டு, உம்முடைய வேலைக் கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு சாவடிக்கு வெளிக்கிட்டார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு விட்டார்கள். இடது காது கேட்காமல் போயிருந்தது. கந்தோருக்கு வந்து என் மேசையடியில் நின்று, "சாப்பிட்டீரோ?" என்று கேட்டீர். இல்லை என்றேன். சேர்ந்து சாப்பிட்டோம். அந்தக் கதையை நீர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுபடியும் கீறித் தரச் சொல்லி நீர் கேட்கவில்லை. தரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் உப்புவெளிக்கு நீர் போனீர், கையில் ஒரு தாளும் இல்லாமல். அந்தப் பெண்ணையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, குதிக்காலால் மண்ணில் கோடு இழுத்துக் காட்டினீர். கிணற்றை அந்தக் கோட்டுக்கு நிலப்பக்கமாக வெட்டினார்கள். இன்றும் அதில் நல்ல தண்ணீர். அதற்கும் கடலுக்கும் இடையில் இருந்த மற்றக் கிணறுகளில் இப்போது ஒருவரும் குடிக்க அள்ளுவதில்லை.

சண்டை முடிவதற்கு முதலே நெஞ்சுவலி வந்து நீர் போய்விட்டீர். செத்தவீட்டுக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு உம்முடைய மனைவியின் முன்னால் போய் இருந்தேன்.

"அந்தப் படம் நான் கீறினது" என்றேன்.

"தெரியும் அண்ணை. இவருக்கு ஒரு கோடு நேராக் கீற ஏலாது எண்டு எனக்குத் தெரியாதே?"

"ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"நானும் கேட்டனான். 'அவனுக்கு மூண்டு பிள்ளையள், எங்களுக்கு ஒருத்தரும் இல்லை' எண்டவர்."

நான் வாயைத் திறந்த அந்தக் கணத்துக்குள் நீர் என் பிள்ளைகளை எண்ணி முடித்திருக்கிறீர். மூவரும் இன்று மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். ஞாயிறுகளில் தொலைபேசி எடுத்து, "சுகமோ அப்பா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் இன்றைக்கு அவர்களுக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். சுகம் என்று சொல்லி வைத்துவிடுவேன்.