நீர்யானைக்கு ஒரு விளக்கு

1990 செப். 5, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். ஷோகேஸைச் சுவரை விட்டு நகர்த்தினேன். பின்னால் பல்லி முட்டை, ஒரு நாலணா, ரகுவின் பழைய பஸ் பாஸ். பாஸை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குவைத்திலிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. ஈராக் படை புகுந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. அவன் இருக்கும் இடம் தெரியவில்லை. இருக்கிறானா என்று எழுத வந்து பேனாவை நிறுத்தினேன்.

கடைசிக் கடிதம் ஜூனில் வந்தது. 'அப்பா, செப்டம்பரில் லீவில் வருகிறேன். அதற்குள் என் மிருகங்களுக்கு லைட் போட்டு வையுங்கள். பல்பு வேண்டாம். எல்.இ.டி. சூடு இருக்காது.' கீழே ஒரு படம், அம்புக்குறியெல்லாம் போட்டு. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது வேறு எந்த வேலையிலும் கை போகவில்லை.

மிருகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஊஞ்சலில் வைத்தேன். பற்பசை டப்பாவில் இலவசமாக வந்தவை. கட்டைவிரல் உயரம், எல்லாம் பிளாஸ்டிக். பள்ளிக்கூட நாளில் டியூப் சீக்கிரம் தீர வேண்டுமென்று நாளைக்கு ஐந்து வேளை பல் தேய்ப்பான். அவன் அம்மா கமலாவையும் என்னையும்கூட விடமாட்டான். பெங்குவின் மட்டும் சாய்ந்து நிற்கிறது. காலேஜில் படிக்கும்போது உள்ளே ஜீரோ வாட் பல்பைப் போட்டு உருக்கிவிட்டான்.

செப். 6, வியாழன்

ரிச்சி தெரு. வெயில் மண்டையைப் பிளந்தது. வாங்கியது: எல்.இ.டி. சிவப்பு, மஞ்சள், பச்சை. ரெசிஸ்டர். வீட்டுக் கரண்டைக் குறைத்துத் தர பேட்டரி எலிமினேட்டர் ஒன்று. ஈயம். வெள்ளையில் கிடையாதா என்று கேட்டேன்.

"வெள்ளையா? அதெல்லாம் இன்னும் எவனும் கண்டுபுடிக்கல சார். இன்னாத்துக்கு, கண்ணாலத்துக்கா?"

"பொம்மைக்கு."

"பேரனுக்கா?"

"பையனுக்கு. இருபத்தெட்டு வயசு."

கடைக்காரன் அதற்கு மேல் கேட்கவில்லை. நல்லவன்.

வீட்டுக்கு வந்தால் மாடி விசுவநாதன் காத்திருக்கிறார். தினமும் வெளிநாட்டு ரேடியோவைக் கேட்டுவிட்டு, இறங்கிவந்து ஒப்பித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"பார்டர்ல ஆயிரக்கணக்கா நிக்கறாளாம் சார். பாலைவனம். குடிக்கத் தண்ணி இல்லையாம்."

கமலா காதில் விழும்படி. கழுத்தை நெரித்திருப்பேன். "காபி சாப்பிடறேளா?" என்று கேட்டேன்.

செப். 8, சனி

நாள் முழுக்க சால்டரிங். டெலிபோன் இலாகாவில் தலை நரைத்தவன், ஜாயின்ட் போடத் தெரியாதா? தெரியும். கைதான் முன்போல இல்லை. இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன். ஒயர் எல்லாம் ரிட்டையர் ஆனபோது கொண்டுவந்த பழைய டெலிபோன் ஒயர். எந்த வீட்டு வாய்ஸ் எல்லாம் ஓடியதோ.

நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். மாற்றிப் போட்டால் எரியாது. தட்டுக்கு ஐந்து, முன் விளிம்புக்குப் பின்னால், கண்ணில் படாமல். எல்லாவற்றையும் அடியில் ஒரே ஜாயின்டில் சேர்த்தேன். யோசித்துச் செய்திருக்கலாம். அலுப்பு.

சாயங்காலம் ஷோகேஸ் பக்கவாட்டில் பொருத்திய ஸ்விட்சைப் போட்டேன். நாலு தட்டும் எரிந்தன. மேல் தட்டில் மஞ்சள், ஒட்டகம் தங்கமாக நின்றது. கீழே சிவப்பில் நீர்யானை.

அப்போது போன் அடித்தது. கதை விடவில்லை, கை இன்னும் ஸ்விட்சில் இருந்தது.

பம்பாயிலிருந்து ஒருவர். பெயர் சரியாகக் கேட்கவில்லை. "ரகுவோட கம்பெனிங்க. இன்னிக்குத்தான் பிளேன்ல வந்து எறங்கினேன். ஜோர்டான் பார்டர் வரைக்கும் ஒரே பஸ்ல வந்தோம். கூட்டத்துல பிரிஞ்சிட்டோம். நல்லாத்தான் இருந்தாரு. வீட்டுல சொல்லச் சொன்னாரு." எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கமலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷோகேஸ் முன்னால் போய் நின்றாள்.

"ஏன்னா, விளக்கு ஏத்தின வேளை, சேதி வந்துடுத்து பாருங்கோ. அவன் ஆத்துக்கு வர வரைக்கும் இது எரியணும்."

"அது விளக்கு இல்லை, எல்.இ.டி. ராத்திரி அணைச்சுட்டு—"

"அந்த வார்த்தையை வாயால சொல்லாதேள்!"

சொல்லவில்லை.

செப். 10, திங்கள்

எரிகிறது. பகலிலும். இந்த வீட்டில் ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் நான் போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். ரகுவுக்கு அந்தப் பழக்கம் என்னிடமிருந்துதான். கல்யாண வீட்டில்கூட எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவான். நான் இப்போது நீர்யானைக்குப் பட்டப்பகலில் கரண்ட் செலவு செய்கிறேன்.

கமலா குளித்துவிட்டு வந்து சுவாமி அறைக்கு ஒரு நமஸ்காரம், அப்புறம் ஷோகேஸுக்கு ஒன்று. கற்பூரம் காட்டாததுதான் பாக்கி.

சாயங்காலம் கரண்ட் கட் ஆகும் பேச்சு. உடனே கமலா: "போனா என்ன பண்ணுவேள்?" எட்டு டார்ச் செல், ஒரு டயோடு. மெயின் போனால் பேட்டரி தானாக ஏற்றுக்கொள்ளும். கண்கூடச் சிமிட்டாது. மெயினை நிறுத்திக் காட்டினேன். இரண்டு தடவை காட்டச் சொன்னாள். முப்பது வருஷத்தில் என் வேலையை முதன்முதலாக மெச்சினாள்.

போன் வரவில்லை.

செப். 13, வியாழன்

நேற்று இடி, மழை. கரண்ட் போயிற்று, வந்தது. விளக்கு எரிந்தது. போன் செத்துவிட்டது.

இதுதான் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் டயல் டோன் கொடுத்தவன் வீட்டில் ரிசீவரை எடுத்தால் மயான அமைதி. பம்பாயில் இறங்கினால் அவன் இந்த நம்பருக்குத்தானே அடிப்பான்? மணி அடிக்கிற மாதிரி அவனுக்குக் கேட்கும், எடுக்க ஆளில்லை என்று நினைப்பான்.

பொறுக்காமல் தெருமுனை டெலிபோன் கேபிள் பெட்டியைத் திறந்து பார்க்கப் போனேன். முனுசாமி பிடித்துவிட்டான். எனக்குக் கீழே வேலை பார்த்தவன்.

"சார், இன்னா இது, நீங்க ரிட்டேர்டு ஆயிட்டீங்க. நவுருங்க. கேபிள்ல தண்ணி பூந்துகீது, ஏரியாவே அவுட்டு."

"முனுசாமி, என் பையன்..."

"தெரியும் சார். எனக்குத் தெரியாதா? ஒங்க லைனத்தான் சார் மொதல்ல குடுப்பேன். வூட்டுக்குப் போங்க."

போனேன். ரிசீவரை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன்.

செப். 14, வெள்ளி

கமலா கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் பேப்பரோடு கூடத்தில். நிமிர்ந்தால் ஷோகேஸ் இருட்டு.

கரண்ட் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது. விளக்கு மட்டும் இல்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அமாவாசைத் தர்ப்பணம்கூட கமலாவுக்காகத்தான். ஆனால் வேட்டி தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். ரகு, ரகு என்று வாய்விட்டுச் சொன்னது எனக்கே கேட்டது. எலிமினேட்டரைத் தட்டினேன், செல்லை மாற்றினேன். எரியவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. அடி ஜாயின்ட். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த அந்த ஒரே ஜாயின்ட், ஈரத்தில் விட்டுப்போயிருந்தது. சால்டரிங் அயர்ன் சூடேறும் வரை நிற்க முடியவில்லை. ஒயரை விரலால் முறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எரிந்தது. கையை எடுத்தால் போய்விடுமோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் அணைந்திருந்தது? நான் பேப்பரில் இருந்தேன், தெரியாது. அந்த நேரத்தில் அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான்?

கமலா வருவதற்குள் ஜாயின்டைப் போட்டுவிட்டேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"எரியறதா?"

"எரியறது."

என் முகத்தைப் பார்த்தாள். ஈய வாசனை வீடு முழுக்க. குங்குமம் கொடுத்தாள். வழக்கமாக வேண்டாம் என்பேன். இட்டுக்கொண்டேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். போதும்.

செப். 16, ஞாயிறு

போன் இன்னும் உயிர் பெறவில்லை. இந்த வாரம் நவராத்திரி, கமலா கொலுப் படியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விசுவநாதன் வந்தார். இன்று ரேடியோச் செய்தி சொல்லவில்லை. ஷோகேஸைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பெங்குவின் ஏன் சார் சாஞ்சிருக்கு?" என்றார். சொன்னேன். சிரித்தார். நானும் சிரித்தேன். கமலா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், யார் சிரித்தது என்று.

புது செல் எட்டு வாங்கிவைத்தேன்.

செப். 17, திங்கள்

விடிந்து பால் வந்தது. ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக்கு என்று நினைத்தேன்.

தாடி. யாருடையதோ சட்டை, தோள் தொங்குகிறது. கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. "பம்பாயிலேர்ந்து எத்தனை தடவை போன் பண்ணேம்பா, யாருமே எடுக்கலை" என்றான். நான் ஏதாவது சொல்ல நினைத்தேன். கேபிளில் தண்ணீர் என்று வாய் வரை வந்தது. தோளைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. எலும்பு தட்டுப்பட்டது.

உள்ளே வந்தான். ஷோகேஸைப் பார்த்தான். கிட்டே போய்க் குனிந்து, ஒட்டகம், நீர்யானை, பெங்குவின், எல்லாவற்றையும் பார்த்தான். "போட்டுட்டியாப்பா" என்றான்.

பிறகு நிமிர்ந்தான். ஜன்னல் வழியாக வெயில் கூடம் முழுக்க.

"பட்டப்பகல்ல எதுக்கு எரிஞ்சிண்டிருக்கு?"

கையை நீட்டினான். டக்.

சமையலறை வாசலில் கமலா. கையில் பால் பாத்திரம். இருட்டான ஷோகேஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"பல் தேய்ச்சுட்டு வாடா" என்றாள். "காபி கலக்கறேன்."